முள்ளு எஞ்சினைப் பாக்கல, ஓம்ஸைத்தான் பாக்குது: பழைய கார் டேஷ்போர்டுல புது கேஜ் போடுறதுக்கு முன்னாடி

பழைய கார் வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஏதோ ஒரு கட்டத்துல டேஷ்ல கூடுதலா கேஜ் (முள்ளு வெச்ச மீட்டர்) போடணும்ங்கிற ஆசை வந்துரும். கம்பெனி குடுத்தது ஒரு ஸ்பீடோமீட்டர், ஒரு பெட்ரோல் முள்ளு, யோகம் இருந்தா ஒரு டெம்பரேச்சர் முள்ளு, மிச்சத்துக்கு ஆயிலுக்கு ஒரு பல்பு, சார்ஜிங்குக்கு ஒரு பல்பு, அவ்வளவுதான். 1930கள்லயே அமெரிக்காவோட ஹட்சன் கார் கம்பெனி முள்ளைத் தூக்கிட்டு பல்பு வைக்க ஆரம்பிச்சுது, கொஞ்ச காலத்துல மத்தவங்களும் அதே வழிக்கு வந்துட்டாங்க, ஏன்னா பல்பு மலிவு, ஓட்டுறவரும் எதையும் படிச்சுப் பாத்து யோசிக்க வேண்டியதில்ல.

ஆனா அந்த ஆயில் பல்பு எப்போ எரியும்னு பாத்தீங்கன்னா பெரும்பாலான கார்ல பிரஷர் சுமார் 4-ல இருந்து 7 பிஎஸ்ஐக்குள்ள (பிஎஸ்ஐங்கிறது பிரஷர் அளக்குற அலகு) விழுந்தாத்தான். சூடான எஞ்சின் நல்ல வேகத்துல ஓடுறப்போ 40, 50 காட்ட வேண்டிய இடத்துல 15க்கு இறங்கிடுச்சுன்னு வைங்க, உள்ள பேரிங்கெல்லாம் தேய்ஞ்சுட்டு இருக்கும், பல்பு மட்டும் எதுவும் நடக்காத மாதிரி அணைஞ்சே கிடக்கும். அது எரியுற நேரத்துல நீங்க வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணலாம், எஞ்சினைக் காப்பாத்துறதுக்கு நேரம் கடந்திருக்கும். அதனாலதான் கூடுதல் கேஜ் கேட்கிறது வெறும் அழகுக்குன்னு சொல்லிட முடியாது. பிரச்சனை என்னன்னா பலபேர் கேஜ் வாங்குறதுக்கும் டேஷ்ல ஓட்டை போடுறதுக்கும் செலவு பண்ற யோசனையில கால்வாசியைக் கூட, அந்த முள்ளு எதை வெச்சு ஆடுதுன்னு புரிஞ்சுக்க செலவு பண்றதில்ல.

எலக்ட்ரிக் கேஜுக்கு உங்க எஞ்சின் சூடு, ஆயில் பிரஷர், டேங்க்ல எவ்வளவு பெட்ரோல், எதுவுமே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அந்தக் கோடியில இருக்கிற சென்சார் வழியா எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற கார் உடம்புக்கு, எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருக்குங்கிறது மட்டும்தான், அதை அளக்குற அலகுதான் ஓம். நடுவுல ஒயர் அரிச்சிருந்தாலும் சரி, எர்த் சரியில்லாம இருந்தாலும் சரி, வேற கம்பெனி சென்சாரா இருந்தாலும் சரி, அது கூடுதலா தெரியுற ஓம்ஸை அப்படியே டெம்பரேச்சராவோ பிரஷராவோ மாத்தி நம்ம முகத்துக்கு நேரா காட்டிடும். பொய் சொல்றோம்னு அதுக்கே தெரியாது.

முதல்ல சென்சாரும் கேஜும் ஜோடி சேருதான்னு பாக்கணும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. விடிஓங்கிற கம்பெனியோட பிரஷர் சென்சார் பிரஷர் இல்லாதப்போ சுமார் 10 ஓம், ஃபுல் ஸ்கேலுக்கு சுமார் 180 ஓம். ஸ்டூவர்ட் வார்னர் வழியில வந்த அமெரிக்கன் கேஜுங்க நேர் எதிர், சைபருக்கு 240 ஓம், ஃபுல்லுக்கு 33. 1960கள் நடுவுல இருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) பெட்ரோல் ஃப்ளோட், அதாவது டேங்குக்குள்ள மிதக்கிற சென்சார், காலி டேங்குக்கு 0 ஓம், ஃபுல்லுக்கு 90. அந்தக் காலத்து ஃபோர்டு காலிக்கு சுமார் 73, ஃபுல்லுக்கு 10. இப்போ ஒரு 240-33 கேஜைக் கொண்டுபோய் ஜிஎம் ஃப்ளோட்டோட சேத்தீங்கன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. டேங்க் ஃபுல்லா இருக்கிறப்போ 90 ஓம், அந்த கேஜுக்கு அது பாதிக்குக் கொஞ்சம் மேல. ஓட்ட ஓட்ட டேங்க் காலியாகும், ஓம் குறையும், முள்ளு ஜம்முனு மேல ஏறிட்டே போகும். வண்டி நின்னு போற நேரத்துல கேஜ் ஃபுல்லைத் தாண்டி நிக்கும். இது கேஜ் கோளாறே இல்ல, அதுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை அது சரியாத்தான் போடுது.

பெட்டி மேல "யுனிவர்சல்"னு போட்டிருந்தா அதை நம்பி வாங்கிடாதீங்க. அது பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் ஓட்டைக்குள்ள போகும்ங்கிற அளவுக்குத்தான் யுனிவர்சல். கேஜ் வாங்குற இடத்துலயே அதுக்கான சென்சாரையும் சேத்து வாங்குறதுதான் நிம்மதி. பழைய சென்சாரை வெச்சே ஓட்டணும்னா, பெட்ரோல் ஃப்ளோட் மாதிரி டேங்குக்குள்ள இருக்கிறதை மாத்த முடியலன்னா, முதல்ல மல்டிமீட்டர் வெச்சு காலியில எத்தனை ஓம், ஃபுல்ல எத்தனை ஓம்னு அளந்துட்டு அப்புறம் அதுக்கு ஏத்த கேஜைத் தேடுங்க. இல்லேன்னா ஓம்ஸை மாத்திக் கொடுக்கிற சின்ன எலக்ட்ரானிக் பெட்டி கிடைக்குது, நடுவுல அதைப் போட்டுக்கலாம்.

இன்னொண்ணு, கம்பெனி முள்ளும் இருக்கட்டும், புது முள்ளும் இருக்கட்டும், ரெண்டுக்கும் ஒரே சென்சார்ல இருந்து ஒயர் எடுத்துக்கலாம்னு ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். நடக்காது. ரெண்டு கேஜும் அந்த ஒரே சென்சாருக்குள்ள தன் தன் பங்குக்குக் கரண்ட்டை அனுப்பும், ஒண்ணோட கரண்ட் இன்னொண்ணோட கணக்கைக் கெடுக்கும், கடைசியில ரெண்டுமே தப்பு. தனிச் சென்சார்தான் வேணும், அதுக்கு டி மாதிரி பிரியுற ஒரு அடாப்டர் போடணும். அல்லது ரெண்டு டெர்மினல் இருக்கிற சென்சார், ஒண்ணு கேஜுக்கு, ஒண்ணு பழைய எச்சரிக்கை பல்புக்கு, இது நல்ல ஏற்பாடு. புது முள்ளு வந்துடுச்சுன்னு பழைய பல்பைக் கழட்டிப் போடாதீங்க. எவ்வளவு கேஜ் இருந்தாலும் ஓட்டுறப்போ நம்ம கண்ணு ரோட்டுலதான் இருக்கும், திடீர்னு சிவப்பா எரிஞ்சாத்தான் கவனம் அங்க போகும்.

அடுத்தது பலபேரு தலையைப் பிச்சுக்கிற விஷயம், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். 1960கள்ல இருந்து நிறைய பிரிட்டிஷ் கார்ல ஸ்மித்ஸ் கம்பெனி கேஜுங்க நேரா பேட்டரி வோல்டேஜ்ல ஓடல, சராசரியா 10 வோல்ட்ல ஓடுச்சு. ஃபோர்டு, கிரைஸ்லர்ல அது சராசரியா 5 வோல்ட் பக்கம். இந்த ஸ்டெபிலைசருக்குள்ள இன்னிக்கு இருக்கிற மாதிரி சிப் எதுவும் கிடையாது, ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை, அதைச் சுத்தி ஒரு ஹீட்டர் காயில், சூடானா பட்டை வளைஞ்சு கான்டாக்ட் விட்டுடும், ஆறினா திரும்ப ஒட்டும், இப்படி ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு தட்டிக்கிட்டே இருந்து சராசரியை 10க்குக் கொண்டு வரும். முழு 12 வோல்ட்டும் பூஜ்யமும் மாறி மாறி வந்தாலும் அந்தக் காலத்து முள்ளு ஆடாது, ஏன்னா கேஜுக்குள்ளயும் அதே மாதிரி மெதுவா சூடாகிற பட்டைதான், ரெண்டும் சோம்பேறி.

இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியும். புதுசா வாங்குற கேஜுக்கு சப்ளை எடுக்கிறப்போ கைக்கு எட்டுதேன்னு பழைய பெட்ரோல் முள்ளு பின்னாடி இருக்கிற ஒயரைத் தொட்டீங்கன்னா அந்த ஆன் ஆஃப் கரண்ட்தான் கிடைக்கும், புது கேஜ் நடுங்கும், எலக்ட்ரானிக் டிஸ்ப்ளேவா இருந்தா திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். அதே மாதிரி பழைய முள்ளுக்குத் தெரியாம நேரா 12 வோல்ட் குடுத்தா ஃபுல்லுக்கு மேல போய் ஒட்டிக்கும், கொஞ்ச நாள்ல உள்ள காயில் போயிடும். இதை வெச்சு ஒரு அழகான டயக்னோசிஸும் பண்ணலாம். பெட்ரோலும் டெம்பரேச்சரும் ஒரே நேரத்துல, சேந்தாப்புல, வழக்கத்தை விட அதிகமா காட்ட ஆரம்பிச்சா ரேடியேட்டரைத் திட்டாதீங்க, ஸ்டெபிலைசரோட எர்த்தைப் பாருங்க. எர்த் இல்லேன்னா உள்ள இருக்கிற ஹீட்டர் காயிலுக்குக் கரண்ட் போகாது, பட்டை வளையாது, கான்டாக்ட் திறக்காது, முழு பேட்டரி வோல்டேஜும் கேஜுக்குப் போயிடும். புது கேஜ் போடுறேன்னு டேஷைக் கழட்டி மாட்டுறப்போ அந்த ஒரு ஸ்க்ரூவை சரியா முறுக்காம விடுறதுனால இது ரொம்ப சகஜமா வரும்.

எர்த்தைப் பத்தி ஆரம்பிச்சாச்சு, முழுசாவே பேசிடுவோம், ஏன்னா பழைய கார்ல கேஜ் சம்பந்தமா வர்ற தொல்லையில பெரும்பங்கு இங்கதான். ஒரு ஒயர் மட்டும் இருக்கிற சென்சார் எர்த் எடுக்கிறது தன்னோட மரை வழியா, எஞ்சின் பிளாக்ல இருந்து. லீக் ஆகக்கூடாதுன்னு அந்த மரையைச் சுத்தி டெஃப்லான் டேப்பை நாலு சுத்து சுத்தி முறுக்கினா சில சமயம் எர்த்தே சரியா கிடைக்காது, முள்ளு கம்மியாவோ அதிகமாவோ காட்டும், சில சமயம் ஆடவே ஆடாது. மரையோட நுனியில ரெண்டு மூணு சுத்தை விட்டுட்டு, மேல மட்டும் கொஞ்சூண்டு திரவ சீலன்ட் போட்டா போதும். டேஷ் பக்கமும் இதே கதைதான். மரப்பலகை டேஷ், ஃபைபர்கிளாஸ் பாடி, பெயின்ட் அடிச்ச தகடு, இது எதுலயும் கேஜ் சும்மா ஒட்டி உக்காந்தா எர்த் வராது, ஒவ்வொரு கேஜுக்கும் ஒயர் இழுத்து எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்து நல்ல சுத்தமான உலோகத்துல கட்டணும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல போற பெரிய எர்த் பட்டையையும் மறந்துடக்கூடாது, ஐம்பது வருஷமா அது ஆயில்லயும் தண்ணியிலயும் ஊறிக்கிட்டுக் கிடக்கு.

இதை டெஸ்ட் பண்றது சுலபம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முனையை கேஜோட எர்த்லயும் இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்லயும் வைங்க, எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாத்தையும் போடுங்க. மீட்டர் 0.1 வோல்ட்டுக்குள்ள நின்னா நிம்மதி. அதைத் தாண்டி ஏறுதுன்னா எர்த் பாதையில எங்கயோ ஓம் ஒளிஞ்சிருக்கு. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள்ளு லேசா நகருதுன்னா மீட்டரே வேண்டாம், அதுவே பதில்.

ஆயில் பிரஷருக்கு வருவோம். இங்க ரெண்டு வழி. மெக்கானிக்கல் கேஜ்னா ஒரு மெல்லிய குழாய் வழியா எஞ்சின் ஆயிலே டேஷ் வரைக்கும் வரும், கேஜுக்குள்ள வளைஞ்ச ஒரு தட்டையான குழாய் பிரஷர் ஏற ஏற நிமிரப் பாக்கும், அந்த அசைவுதான் முள்ளு. யூஜின் போர்டன் 1849ல பேட்டன்ட் வாங்கின சமாச்சாரம், இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு. ஓம்ஸ் கிடையாது, எர்த் கிடையாது, வோல்டேஜ் கிடையாது, அதனால நம்பகத்தன்மையில இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கொதிக்கிற ஆயில் உங்க முட்டிக்கு மேல ஒரு ஓரத்துல நிக்குதுங்கிறதை ஞாபகம் வெச்சுக்கணும். நைலான் குழாய் எக்ஸாஸ்ட் பக்கத்துல போனா உருகும். செம்புக் குழாய் அதிர்ந்து அதிர்ந்து நாளடைவுல இறுகி விரிசல் விடும், அதனால எஞ்சின் பக்கம் ரெண்டு மூணு வளையம் சுத்தி விட்டு அதிர்ச்சியை அது வாங்கிக்கிற மாதிரி பண்ணணும். எஞ்சின் பக்கம் மட்டுமாவது பின்னல் போட்ட நெகிழ்வான ஹோஸ் போட்டா இன்னும் நல்லது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடான ஃபயர்வால்ல குழாய் நுழையுற ஓட்டைக்கு ரப்பர் கிராமெட் (வளையம்) இல்லாம விட்டீங்கன்னா தகட்டோட விளிம்பு கத்தி மாதிரி மெதுவா அறுத்துக்கிட்டே இருக்கும்.

எலக்ட்ரிக்னா கேபினுக்குள்ள ஆயில் வராது, ஒரு ஒயர் மட்டும்தான். ஆனா விடிஓ மாதிரி பிரஷர் சென்சார் ஒரு சின்ன டப்பா சைஸுல கனமா இருக்கும். அதைப் பித்தளை டி அடாப்டர் மேல, அதுக்கு மேல இன்னொரு நீட்டிப்புன்னு வெச்சு பிளாக்ல நேரா தொங்க விட்டா எஞ்சின் அதிர்வுக்கு அந்தப் பித்தளைக் கழுத்து ஒருநாள் ஒடிஞ்சு, ஆயில் முழுசும் ரோட்டுக்குப் போயிடும். ஒரு ஹோஸ் போட்டு சென்சாரைப் பாடியில கிளாம்ப் பண்றதுதான் சரி, அப்படிப் பண்ணும்போது அதுக்குத் தனியா எர்த் ஒயர் வேணும், ஏன்னா இப்போ அது எஞ்சினைத் தொடல.

மரை விஷயத்துலயும் ஒரு கண்ணி இருக்கு. அமெரிக்கன் பைப் மரையான 1/8 என்பிடி இஞ்சுக்கு 27 மரை, 60 டிகிரி கோணம். பிரிட்டிஷ் பைப் மரையான 1/8 பிஎஸ்பி இஞ்சுக்கு 28 மரை, 55 டிகிரி. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், கையால திருகினா ரெண்டு மூணு சுத்து சாதுவா உள்ளயும் போகும், அப்புறம் இறுகும், சரி டைட் ஆயிடுச்சுன்னு ஸ்பானர் போட்டு முறுக்குவோம், அங்கதான் பிளாக்ல இருக்கிற மரை நாசமாகுது. எம்10 மெட்ரிக் வேற இதே சைஸுல சுத்திக்கிட்டு இருக்கு. மரை அளவு பாக்கிற கேஜ் ஒண்ணு கையில இருந்தா இந்த வேதனை கிடையாது.

பிரஷரைப் படிக்கிறதுக்கு ஆயிரம் ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் ஒரு நிமிஷத்துல சுத்துற சுத்து) 10 பிஎஸ்ஐன்னு ஒரு பழைய கணக்கு சொல்வாங்க, தோராயமா சரி, ஆனா உங்க எஞ்சினோட வழக்கம் என்னங்கிறதுதான் முக்கியம். காலையில ஸ்டார்ட் பண்ணதும் அதிகமா நிக்கும், சூடாகி ஐடிலுக்கு வந்தா பாதிக்கும் கீழ போகும், பாத்துப் பயப்பட வேண்டாம். நேத்து வரைக்கும் சூட்டுல 45 நின்ன அதே வேகத்துல இன்னிக்கு 30ன்னா அதுதான் சேதி. சொல்லப்போனா இப்படி முள்ளு ஏறி இறங்குறதைப் பாத்துப் பயந்து கம்ப்ளெயின்ட் பண்ற ஆளுங்களுக்காகவே சில கம்பெனிங்க கேஜையே பொய்யாக்கிட்டாங்க. மாஸ்டா எம்எக்ஸ்-5ல 1995 மாடல்ல இருந்து ஆயில் பிரஷர் முள்ளுக்குப் பின்னாடி இருந்தது நிஜமான சென்சார் இல்ல, வெறும் சுவிட்ச். பிரஷர் இருந்தா முள்ளு நடுவுல, இல்லேன்னா கீழ. முள்ளு வேஷம் போட்ட பல்பு.

டெம்பரேச்சர்ல பெரிய தகராறு இல்ல. மெக்கானிக்கல் டைப்ல சூட்டை உணர்ற ஒரு உலோகக் குமிழ், ஒரு மெல்லிய சீல் பண்ண குழாய், உள்ள சட்டுனு ஆவியாகிற திரவம், குழாயை வெட்டவோ மடக்கவோ கூடாது, நீளம் ஜாஸ்தியா இருந்தா சுருட்டி வைக்கணும், அவ்வளவுதான். எங்க வைக்கிறீங்கங்கிறதுதான் விஷயம். சிலிண்டர் ஹெட்ல தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி வெச்சாத்தான் எஞ்சின் சூடு தெரியும், கீழ்ப்பக்க ரேடியேட்டர் ஹோஸ்ல வெச்சா ரேடியேட்டர் ஆற வெச்ச தண்ணியோட சூடுதான் தெரியும், மனசுக்கு இதமா இருக்கும், உதவாது. இன்னொரு விஷயம் கவனிங்க, ஹோஸ் வெடிச்சு கூலன்ட் மொத்தமா போயிடுச்சுன்னா சென்சார் தண்ணியில இல்லாம காத்துல தொங்கும், அப்போ முள்ளு ஏறாம இறங்கக்கூட செய்யும். மலைப்பாதையில முள்ளு திடீர்னு கீழ விழுந்தா சந்தோஷப்படாம நிறுத்திப் பாருங்க.

இப்போ அம்மீட்டர், அதாவது பேட்டரிக்குள்ள போற வர்ற கரண்ட்டைக் காட்டுற முள்ளு. பழைய டேஷ்ல நடுவுல மைனஸ் 30, பிளஸ் 30ன்னு ஒரு முள்ளு பாக்கிறதுக்கு என்னமோ கம்பீரமாத்தான் இருக்கும், ஆனா புதுசா போடுறதா இருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். வோல்ட்மீட்டர் பக்கத்துல சும்மா நின்னு பாக்கும், அம்மீட்டர் அப்படி இல்ல, ஸ்டார்ட்டர் தவிர காரோட மொத்த கரண்ட்டும் அதுக்குள்ள புகுந்து வரணும். அதாவது பேட்டரியில இருந்து தடிமனான ஒயர் ஃபயர்வாலைத் தாண்டி டேஷுக்கு வந்து அம்மீட்டரோட ரெண்டு நட்டுக்கு நடுவுல போய்த் திரும்பணும். பேட்டரியை சார்ஜ் பண்ண டைனமோ இருந்த காலத்துல இது சரியா இருந்துச்சு, லூகாஸ் சி40 டைனமோ குடுக்கிறதே 22 ஆம்ப்தான். அதைக் கழட்டிட்டு 65 ஆம்ப், 100 ஆம்ப் ஆல்டர்னேட்டர் மாட்டுறவங்க அந்த பழைய ஒயரையும் பழைய அம்மீட்டரையும் அப்படியே விட்டுட்டா பேட்டரி இறங்கியிருக்கிற ஒருநாள் ஸ்டார்ட் பண்ணதும் மொத்த சார்ஜிங் கரண்ட்டும் அது வழியாப் பாயும். 1960, 70கள்ல வந்த கிரைஸ்லர் கார்ல ஃபயர்வால் கனெக்டர் உருகிப்போறது அந்த வட்டாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி, காரணம் இதுதான். போதாததுக்கு நிறைய கார்ல அந்த ஒயர்ல ஃபியூஸும் கிடையாது.

வோல்ட்மீட்டர் அதே கதையை ஆபத்தில்லாம சொல்லும். எஞ்சின் ஆஃப்ல 12.6 சுமார் ஃபுல் சார்ஜ், 12.2ன்னா பாதி. ஓடுறப்போ 13.8ல இருந்து 14.4க்குள்ள நிக்கணும். ஓடும்போதும் 12.5லயே நின்னா சார்ஜ் ஆகல, 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும். 1 ஆம்ப் ஃபியூஸ் போட்ட மெல்லிய ஒயர் போதும். சப்ளையை மட்டும் ஹெட்லைட் ஒயர் மாதிரி நிறைய கரண்ட் போற இடத்துல இருந்து எடுத்துடாதீங்க, அந்த ஒயர்ல விழுற வோல்டேஜும் சேந்து கம்மியா காட்டும்.

இதோட சேத்து ஒரு எல்இடி சமாச்சாரம். கேஜ் எல்லாம் புதுசாயிடுச்சு, பழைய பல்பெல்லாம் மங்கலா இருக்கு, அப்படியே எல்இடி போட்டுடலாம்னு எல்லாரும் மாத்துவாங்க. சார்ஜிங் பல்பை மட்டும் தொடாதீங்க. நிறைய ஆல்டர்னேட்டர்ல அந்த 2.2 வாட் பல்பு வழியா போற சுமார் 180 மில்லிஆம்ப் கரண்ட்தான் ரோட்டரை முதல்ல தூண்டி விடுது. எல்இடி போட்டா அதுல பத்துல ஒரு பங்கு கரண்ட்தான் போகும், ஆல்டர்னேட்டர் தூங்கிட்டே இருக்கும், ரொம்ப ரேஸ் பண்ணாத்தான் முழிச்சுக்கும். எல்இடிதான் வேணும்னா பக்கத்துலயே 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை பேரலலாப் போடுங்க. இண்டிகேட்டருக்கு டேஷ்ல ஒரே ஒரு பல்பு இருக்கிற கார்லயும் இதே மாதிரி ஒரு வேடிக்கை நடக்கும், அந்த பல்பு இடது சர்க்யூட்டுக்கும் வலது சர்க்யூட்டுக்கும் நடுவுல தொங்குறதுனால கரண்ட் ஒருதடவை இப்படிப் போகும், ஒருதடவை அப்படிப் போகும், எல்இடிக்கு ஒரு திசைதான் ஆகும், அதனால ஒரு பக்கம் மட்டும் எரியும்.

எஞ்சின் சுத்துற வேகத்தைக் காட்டுற டாக்கோமீட்டர் பத்திச் சுருக்கமா. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல நாலு சிலிண்டருக்கு ஒரு சுத்துக்கு 2 ஸ்பார்க், ஆறுக்கு 3, எட்டுக்கு 4. புது டாக்கோ பின்னாடி சிலிண்டர் எண்ணிக்கை சுவிட்ச் இருக்கும், நாலு சிலிண்டர் கார்ல அதை 8ல விட்டீங்கன்னா பாதி ஆர்பிஎம்தான் காட்டும், அதை நம்பி மிதிச்சா வால்வு ஸ்பிரிங் பதில் சொல்லும். 1960கள்ல வந்த ஸ்மித்ஸ் டாக்கோல ஒரு வகை இக்னிஷன் காயிலுக்குப் போற கரண்ட்டை ஒரு சின்ன வளையம் வழியா உணர்ந்து எண்ணும், பாயின்ட்டை (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுற பழைய கான்டாக்ட்) எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதும் அது தடுமாறலாம். புது டாக்கோவுக்கு காயில் நெகட்டிவ்ல இருந்து சிக்னல் எடுக்கிறப்போ அங்க ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் சில நூறு வோல்ட் குத்தும்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும், அந்த ஒயரை மத்த சென்சார் ஒயரோட கட்டி ஓட்டாதீங்க.

எஞ்சின் இன்டேக்ல உண்டாகிற உறிஞ்சலை அளக்குற வேக்யூம் கேஜை யாரும் மதிக்கிறதில்ல, எனக்குப் பிடிச்சதே அதுதான். கார்புரேட்டர் வண்டியில ஒரு ரப்பர் குழாய் போட்டா வேலை முடிஞ்சுது. நல்ல எஞ்சின் ஐடில்ல 17ல இருந்து 22 இஞ்ச் மெர்குரி அசையாம நிக்கும், ஒரே தாளத்துல முள்ளு துடிச்சா வால்வு கோளாறு, ரொம்பக் கீழ நின்னா டைமிங் பின்னாடி போயிருக்கு அல்லது எங்கயோ காத்து உறிஞ்சுது. கார்புரேட்டரை டியூன் பண்றவங்களுக்கு ஏர் ஃப்யூல் ரேஷியோ (காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்) கேஜ் அதைவிட நேரடியா பேசும், பெட்ரோலுக்கு 14.7க்கு 1ங்கிறது சரியான எரிப்பு, எத்தனால் கலந்த பெட்ரோல்ல அது இன்னும் கொஞ்சம் இறங்கும். அதுக்கு பாஷ் எல்எஸ்யு 4.9 மாதிரி வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் எக்ஸாஸ்ட்ல வெல்டு பண்ணி வைக்கணும், படுக்கைக் கோட்டுக்கு மேல குறைஞ்சது 10 டிகிரி சாய்வா இருக்கணும், இல்லேன்னா உள்ள வியர்க்கிற தண்ணி சூடான செராமிக்ல பட்டு விரிசல் விடும். சென்சாரை மாட்டிட்டு பவர் குடுக்காம வண்டியை ஓட்டக்கூடாது, ஆறின சென்சார் மேல கரி படிஞ்சு செத்துடும். டியூனிங் முடிஞ்சதும் கழட்டிட்டு ஓட்டையை பிளக் போட்டு மூடிடலாம், டேஷ்ல நிரந்தரமா இடம் குடுக்க வேண்டிய கேஜ் இது இல்ல.

எங்க வைக்கிறது? ஒரிஜினல் டேஷ்ல ஓட்டை போடாதீங்கன்னு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஒரு தடவை 52 மில்லிமீட்டர் ஹோல் சா உள்ள போயிடுச்சுன்னா அந்தத் தகடோ வால்நட் வினீரோ திரும்ப வராது. டேஷுக்குக் கீழ தொங்குற மூணு ஓட்டை பேனல், ஆஷ்ட்ரே இடம், ரேடியோ இடம், கதவு திறந்தா மட்டும் தெரியுற மாதிரி கிளவ் பாக்ஸுக்குள்ள, இப்படி எத்தனையோ வழி இருக்கு. ஆனா ஆயில் பிரஷர் மட்டும் தலையைத் திருப்பாம கண்ணுல படுற இடத்துல இருக்கணும், வோல்ட்மீட்டர் எங்க இருந்தாலும் பரவாயில்ல. ரேஸ் கார்ல ஒரு பழக்கம் உண்டு, எல்லா கேஜையும் திருகித் திருகி வெச்சு நார்மலா ஓடுறப்போ எல்லா முள்ளும் நேரா மேல பாக்கிற மாதிரி பண்ணிடுவாங்க, எண்ணெல்லாம் கோணலா இருக்கும், யாரும் எண்ணைப் படிக்கப் போறதில்ல, எது கோணலா நிக்குதுன்னு பாத்தா போதும்.

டிஜிட்டல் டிஸ்ப்ளே போடுறவங்களுக்கு வேற தலைவலி. பழைய கார் மின்சாரம் ரொம்ப முரட்டு மின்சாரம். ஸ்டார்ட்டர் சுத்துறப்போ வோல்டேஜ் 8க்குக் கீழ கூட விழும், ஸ்க்ரீன் அணைஞ்சு திரும்ப பூட் ஆகும். ஓடிட்டு இருக்கிறப்போ பேட்டரி டெர்மினல் லூஸாகி விட்டுச்சுன்னா ஆல்டர்னேட்டர்ல இருந்து ஒரு பெரிய வோல்டேஜ் குத்து வரும், பழைய பல்பு அதைத் தாங்கும், வீட்டுல இஎஸ்பி32ங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு வெச்சு செஞ்ச டிஸ்ப்ளே தாங்காது. காருக்குன்னே செஞ்ச, குத்து அடக்குற டையோடு இருக்கிற பவர் சப்ளை போடுறது கட்டாயம். அதுக்கும் முன்னாடி உங்க காரோட எர்த் எந்தப் பக்கம்னு பாருங்க. எம்ஜிபி மாதிரி பிரிட்டிஷ் கார்ல 1967 வாக்குல வரைக்கும் பாசிட்டிவ்தான் பாடியில இருந்துச்சு, அதுல நெகட்டிவ் எர்த் டிஸ்ப்ளேயை உலோக உறையோட டேஷ்ல திருகினா அப்பவே ஷார்ட். பீட்டில் மாதிரி 1960கள் பாதி தாண்டியும் 6 வோல்ட்லயே இருந்த வண்டியும் உண்டு, அதுக்கு வோல்டேஜ் ஏத்துற கன்வர்ட்டர் வேணும்.

வெயில்ல ஸ்க்ரீன் தெரியாது, ராத்திரியில கண்ணைக் கூசும், டேஷ்ல இருக்கிற பழைய டிம்மர் வெறும் ரெசிஸ்டர்ங்கிறதால எல்இடியை மங்க வைக்காது. இதெல்லாம் தாண்டி, 1950கள் காரோட முகத்துல நீல வெளிச்சத்துல ஒரு ஸ்க்ரீன் இருக்கிறது எனக்கு என்னமோ ஒட்டல, அது ரசனை விஷயம், விட்டுடுவோம். இப்போ நல்ல ஏற்பாடு ஒண்ணு இருக்கு, ஒரிஜினல் டயல், ஒரிஜினல் முள்ளு, ஒரிஜினல் கண்ணாடி எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு உள்ள முள்ளை ஆட்டுற மூவ்மென்ட்டை மட்டும் எலக்ட்ரானிக்கா மாத்திக் குடுக்கிறாங்க, வெளியில இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது.

ஸ்பீடோமீட்டரைத் தொடுறவங்க கேபிளைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி டயலோட கீழ்ப்பக்கம் பாருங்க, நிறைய ஸ்பீடோல 1000, 1280ன்னு சின்னதா ஒரு எண் இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற கணக்கு அது. டயர் சைஸோ ஆக்சில் ரேஷியோவோ மாறியிருந்தா ஸ்பீடோ தப்பா காட்டுறதுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும், ஸ்பீடோல இல்ல. ஜிபிஎஸ் ஸ்பீடோ இந்தக் கணக்கையெல்லாம் தாண்டிடும், ஆனா காலையில சேட்டிலைட் பிடிக்கிற வரைக்கும் சும்மா நிக்கும், சுரங்கப்பாதையில திணறும், ஆன்டெனா தகட்டுக்குக் கீழ இருந்தா வேலைக்கே ஆகாது. ஐநா வாகன விதி 39 ஸ்பீடோ நிஜ வேகத்தை விடக் கம்மியா காட்டவே கூடாதுன்னு சொல்லுது, அதிகமா காட்டலாம், அதுவும் நிஜ வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்னா 114 வரைக்கும்தான். அதனால ஜிபிஎஸ்ஸையும் பழைய முள்ளையும் பக்கத்துல வெச்சுப் பாத்து பழசு அஞ்சு ஆறு ஜாஸ்தி காட்டுதேன்னு உடனே கழட்டிடாதீங்க, அதை அப்படித்தான் செஞ்சு அனுப்பியிருப்பாங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும் டேஷை மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சென்சார் ஒயரையும் கழட்டி ஒரு நொடி மட்டும் எர்த்துல தொட்டு எடுங்க, 240-33 கேஜ்னா முள்ளு ஃபுல்லுக்குப் பாயணும், விடிஓ பிரஷர்னா சைபருக்கு, விடிஓ டெம்பரேச்சர்னா சூட்டுப் பக்கம். பாய்ஞ்சா கேஜும் ஒயரும் நல்லா இருக்கு, அதுக்கப்புறம் தப்பா காட்டுச்சுன்னா சென்சாரையும் அதோட எர்த்தையும் மட்டும் பாத்தா போதும், டேஷைத் திரும்பக் கழட்ட வேண்டியதில்ல. டெம்பரேச்சர் சென்சாரை எஞ்சின்ல போடுறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியில முக்கி, அதோட உடம்பை எர்த்தோட சேத்துப் பிடிச்சு முள்ளு 100கிட்ட நிக்குதான்னும் பாத்துடுங்க. புது ஒயரையெல்லாம் தனி ஃபியூஸ், தனி கனெக்டர்ல முடிச்சு வைங்க, ஒரே பிளக்கைப் பிடுங்கினா புதுசு மொத்தமும் வெளிய வந்து பழைய ஒயரிங் கம்பெனியில இருந்து வந்த மாதிரியே நிக்கணும்.